ஜார்ஜ் புல்மனும் அவர் கட்டிய நகரமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நகரங்கள் தோன்றிய வகை பலவாம். ஆற்றங்கரையிற் சில தோன்றின. பொன் கிடைத்த மலையடியிற் சில தோன்றின. ஆனால், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டில் ஊர்களைத் தோற்றுவித்தது பெரிதும் இருப்புப் பாதையே. சிகாகோ நகரமே இதற்குச் சான்றாகும். 1850-இல் ஏறத்தாழ முப்பதினாயிரம் மக்களே வாழ்ந்த அவ்வூரில் 1890-இல் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் நாட்டின் பெரிய இருப்புப் பாதைகள் பலவும் அங்கு வந்து கூடின. அச்சிகாகோவுக்குத் தெற்கே பதினான்கு மைல் தொலைவில், கலுமெட் ஏரிக்கரையில், ஒரு தனி மனிதரின் பெயரைத் தாங்கி ஒரு சிறு நகரம் எழுந்தது. அதன் வீடுகளும், வீதிகளும், கடைகளும், கோவிலுங்கூட ஒரு கம்பெனிக்கே உடைமையாயிருந்தன. அந்நகரின் பெயர் புல்மன். அதனைக் கட்டியவரின் வரலாற்றை இங்குச் சுருங்கக் கூறுவாம்.

ஜார்ஜ் மார்ட்டிமர் புல்மன் 1831-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ஆம் நாள் நியூயார்க் மாகாணத்துப் பிராக்டன் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் லூயிஸ் புல்மன் ஒரு தச்சர். மக்கள் பதின்மருள் ஜார்ஜ் மூன்றாமவர். குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. ஆதலின் பதினான்காம் வயதோடு இவரது பள்ளிப்படிப்பு முடிவுற்றது. சிலகாலம் ஒரு கடையில் ஊழியஞ் செய்தபின், ஆல்பியன் என்னும் ஊரில் மரச்சாமான் செய்துவந்த தம் தமையனாருடன் சேர்ந்து தொழில் கற்றார்.

ஆல்பியன் ஈரீக் கால்வாயின் கரையிலுள்ள ஊர். அக்கால்வாயை அரசாங்கத்தார் அகலப்படுத்த முற்பட்டபோது, கரையிலிருந்த வீடுகளையும் பண்டசாலைகளையும் இடிக்க நேர்ந்தது. லூயிஸ் புல்மனோ அவற்றை இடியாமலே பெயர்த்துப் பின்னே நகர்த்திவைக்குந் தொழிலில் வல்லவராயிருந்தார். 1853-இல் தந்தையார் இறந்தார். தாயையும் இளைய உடன்பிறந்தாரையுங் காக்கும் பாரம் இருபத்திரண்டு வயதினரான ஜார்ஜின் தோள்மேல் விழுந்தது. அவர் அரசாங்கத்தாரிடம் ஒப்பந்தம் பெற்றுத் தந்தையின் தொழிலையே தொடர்ந்து நடத்தினார்.

அத்தொழிலே அவரைச் சிகாகோவுக்கு அழைத்துச் சென்றது. அந்நகரம் மிச்சிகன் ஏரியின் நீர்மட்டத்துக்குச் சிறிதே உயர்ந்த சதுப்பு நிலத்தில் அமைந்திருந்தது. கழிநீர் ஓட வழியில்லை, வீதிகள் சேற்றுக்குழிகளாயின, கொள்ளைநோய் அடிக்கடி வந்தது. ஆகவே, வீதிகளை மேடாக்கி அவற்றினடியிற் கழிநீர்க் குழாய்களைப் பதிப்பதென்று நகரத்தார் துணிந்தனர். வீதி உயர்ந்தால் வீடும் உயரவேண்டுமன்றோ? செங்கற் கட்டடங்களை அடியோடு தூக்கும் வேலை அங்கு மலிந்தது. டிரமாண்ட் என்னும் பெரிய விடுதியை 1861-இல் உயர்த்திய ஒப்பந்தக்காரர்களுட் புல்மனின் கூட்டத்தாரும் இருந்தனர். திருகினால் உயரும் இரும்பு ஜாக்கிகளை ஆயிரக்கணக்கில் அடித்தளத்தின்கீழ் வைத்து, ஒவ்வோராள் பொறுப்பிலும் சிலவற்றை விட்டு, அடையாள ஒலி கேட்டவுடன் எல்லாருஞ் சேர்ந்து சிறிது சிறிதாகத் திருகுவார்கள். கட்டடம் மயிரிழை மயிரிழையாக மேலெழும். உள்ளிருந்த விருந்தினர் உண்பதும் உறங்குவதும் தடைப்படவில்லை. உள்ளிருப்போர் அறியாதவாறே அவர்களை உயர்த்திவிடலாம் என்னும் நம்பிக்கை இளமையிலேயே இவருள்ளத்தில் வேரூன்றியிருக்கவேண்டுமென எனக்குத் தோன்றுகின்றது. பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குவோர் இதனை ஒருவாறு ஒப்புக்கொள்வர்.

அக்காலத்துப் புகைவண்டியில் இரவுப் பிரயாணம் பெருந்துன்பமாயிருந்தது. படுக்கை வண்டிகள் சில ஓடினவாயினும், அவை அடுக்குப் பலகைகளன்றி வேறல்ல. இவற்றைத் திருத்தவேண்டுமென்று கருதிய புல்மன், சிகாகோ ஆல்ட்டன் இருப்புப் பாதைக் கம்பெனியாரின் பழைய வண்டிகள் இரண்டைப் பெற்று, புளூமிங்டன் நகரிலிருந்த அவர்களது தொழிற்சாலையிலே மாற்றியமைத்தார். மேற்படுக்கை கயிறும் கப்பியுங்கொண்டு பகலிற் கூரையோடு ஏற்றிவைக்கப்பட்டது. 1859-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 1-ஆம் நாளிரவு முதல் வண்டி புளூமிங்டனிலிருந்து சிகாகோவுக்கு ஓடிற்று. பிரயாணிகள் பூட்ஸைக் கழற்றாமலே தூய படுக்கையில் ஏற முற்பட்டமையால், அதனைத் தடுப்பதே அன்றிரவு வண்டிக் காவலர்க்குப் பெரும்பாடாயிற்று என்பர்.

எனினும் தொழில் உடனே செழிக்கவில்லை. புல்மன் கொலராடோ மலைநாட்டிற் பொன் தேடிச் சென்றார் மிகுந்திருந்த காலத்து அங்குச் சென்று, பொன்னைத் தோண்டாமல், தோண்டுவோர்க்கு வேண்டுவனவற்றை விற்றுப் பொருளீட்டித் திரும்பினார். அப்பொருளைக் கொண்டு பயனியர் என்னும் புது வண்டியைக் கட்டுவித்தார். அதற்கான செலவு ஏறத்தாழ இருபதினாயிரம் டாலர். அக்காலத்துச் சாதாரண வண்டியின் விலையினும் இது பன்மடங்கு மிகுதி. சுடப்பட்டிறந்த தலைவர் ஆபிரகாம் லிங்கனின் உடலை 1865-இல் கொண்டுசென்ற வண்டித் தொடரில் இது பூட்டப்பட்டதென்றும், இதன் அகலத்துக்காக நிலைய மேடைகள் வெட்டப்பட்டனவென்றும் வழங்கும் கதையைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். கதை மெய்யோ பொய்யோ, வண்டியின் புகழ் அதனாற் பரவியது மெய்.

1867-இற் புல்மன் அரண்மனை வண்டிக் கம்பெனி நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே டெல்மானிக்கோ என்னும் உணவு வண்டி ஓடத்தொடங்கிற்று. இங்கு ஒன்றனை நாம் கருத்தூன்றி நோக்கவேண்டும். இக்கம்பெனி தன் துயில் வண்டிகளை இருப்புப் பாதையாருக்கு விற்கவில்லை. வண்டி கம்பெனியின் உடைமை. அதில் ஊழியஞ் செய்வோர் கம்பெனியின் ஆட்கள். படுக்கைக்காகப் பிரயாணி கொடுக்கும் மிகுதிக் கட்டணமும் கம்பெனியின் வருவாய். ஓடும் பாதை மட்டும் பிறருடையது. கையிலுள்ளதை விற்றுவிடாமல் என்றும் வாடகைக்கே விடுவது என்பது புல்மனின் தொழின்முறை. வண்டியில் அது அவரைக் கோடீசுவரராக்கிற்று.

அவ்வண்டிகளிற் பணிவிடை செய்தவர் பெரும்பாலும் கறுப்பர்கள். முதலில் வந்தவர்கள் 1865-க்குமுன் அடிமைகளாயிருந்தோர். மாதச் சம்பளம் சிறிது. பிரயாணிகள் மனமிரங்கிக் கொடுக்கும் காசே அவர்களுக்குப் பெரிதும் ஆதாரம். அவரவர்க்குத் தாய்தந்தையர் இட்ட பெயர் இருக்கவும், பிரயாணிகள் எல்லாரையும் முதலாளியின் பெயரால் ஜார்ஜ் என்றே அழைத்தனர். ஆண்டானின் பெயரால் அடிமையை அழைத்த பழைய வழக்கத்தின் எச்சம் அது. இவ்வூழியர்கள் 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ப் என்பவரின் தலைமையிற் சங்கம் அமைத்துப் பன்னிரண்டாண்டு போராடி, 1937-இற் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். அது புல்மன் இறந்து நெடுநாட்களுக்குப் பின் நிகழ்ந்தது.

இனி நகரத்தின் கதைக்கு வருவாம். 1877-இல் அமெரிக்க இருப்புப் பாதைகளில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்து பலர் மாண்டனர். தொழிலாளர் மனக்கசப்புக்கு அழுக்கடைந்த குடியிருப்பும் மதுக்கடையுமே காரணம் என்று புல்மன் எண்ணினார். தூய வீடும், தூய காற்றும், அழகிய சூழலும் கொடுத்தால் வேலையாள் நல்லவனாவான். நல்லவன் நன்றாக உழைப்பான். உழைப்பால் இலாபம் வரும். இதுவே அவரது கணக்கு. 1880-இற் கலுமெட் ஏரியின் மேற்கே, இல்லினாய் சென்ட்ரல் இருப்புப் பாதையை அடுத்து, ஏறத்தாழ நாலாயிரம் ஏக்கர் நிலத்தை அவர் வாங்கினார். சோலன் பீமன் என்னும் இளஞ் சிற்பியும், தோட்டக் கலைஞரான நாதன் பாரட்டும் நகரை வகுத்தனர். ஏரிக் களிமண்ணாற் செங்கல் அறுத்து, வீடுகள் ஆயிரத்துக்கு மேல் எழுந்தன. 1881-ஆம் ஆண்டின் முதல் நாளன்று முதற் குடும்பம் குடியேறிற்று.

இருப்புப் பாதைவழியே செல்வோரின் கண்ணுக்கு அந்நகரம் ஒரு காட்சியாகவே அமைக்கப்பட்டது. பாதையை நோக்கிய முகப்பில் மணிக்கூண்டுடன் கூடிய தொழிற்சாலை. அதன்முன் செயற்கைக் குளம். 1876-இற் பிலடெல்பியாக் கண்காட்சியை இயக்கிய மாபெரும் கார்லிஸ் நீராவிப் பொறியையே புல்மன் வாங்கித் தம் தொழிற்சாலைக்கு நிறுவினார். அப்பொறியினின்று வந்த நீரே குளத்தை நிரப்பிற்று. கழிநீரைக் குழாய்வழியாகப் பண்ணைக்குச் செலுத்திக் காய்கறி விளைவித்தனர். வாட், ஸ்டீவன்சன், புல்டன், மார்ஸ் எனக் கண்டுபிடிப்பாளர் பெயர்களை வீதிகள் தாங்கின. மூத்த மகளின் பெயரால் பிளாரன்ஸ் விடுதி எழுந்தது. ஆர்க்கேடு என்னும் ஒரே பெருங்கட்டடத்துக்குள் கடைகளும், பாங்கியும், ஆயிரம் பேர் அமரும் நாடகசாலையும், நூல்நிலையமும் அடங்கியிருந்தன. வீடுதோறுங் குழாய் நீரும் எரிவாயுவும் கிடைத்தன. சிகாகோவின் நெருக்கடியான தொழிலாளர் சேரிகளிலிருந்து வந்தோர்க்கு அது வேறோர் உலகமாகத் தோன்றியிருக்கும். புல்மனின் நற்கருத்தை நான் ஐயுறவில்லை.

ஆனால், இந்நகரில் எதுவும் எவர்க்கும் சொந்தமில்லை. வண்டிப் படுக்கையைப் போலவே வீடும் வாடகைக்கே கிடைத்தது. பத்து நாள் முன்னறிவித்துக் கம்பெனியார் எவரையும் வெளியேற்றலாம். நகரில் இட்ட முதலுக்கு நூற்றுக்கு 6 வீதம் வருவாய் வரவேண்டுமென்று விதித்திருந்தனர். அஃது ஒருபோதும் வரவில்லை. வராமையால் வாடகையைக் குறைக்கவும் மனமில்லை. சிகாகோவில் அத்தகைய வீட்டுக்கு உள்ள வாடகையினும் இங்கு நூற்றுக்கு 20 முதல் 25 வீதம் மிகுதியென்று பின்னர் அரசாங்க விசாரணையார் கண்டனர். ஐயாயிரம் புத்தகங்களைப் புல்மன் தம் கொடையாக நூல்நிலையத்துக்கு அளித்தார். ஆயின் அவற்றைப் படிக்க ஆண்டுக்கு மூன்று டாலர் கட்டவேண்டும். மெத்தென்ற நாற்காலிகள் இருந்தும் தொழிலாளருட் சிலரே அங்குப் படியேறினர். புத்தகத்தைக் கொடையாகக் கொடுத்துப் படிப்பை வாடகைக்கு விட்ட இவ்வேற்பாட்டைக் கல்லூரி மாணவர் யாரும் எளிதில் மறவார். மதுக்கடை நகரில் இல்லை. பிளாரன்ஸ் விடுதியில் மது கிடைத்தது, ஆனால் அங்கு வேலையாட்கள் நுழைய நாணினர். வேண்டுவோர் எல்லைக்கப்பாலுள்ள கென்சிங்டன் சந்திப்புக்கு நடந்தனர்.

எல்லாவற்றினும் வியப்பானது கோவிலின் வரலாறு. நகரின் நடுவே பச்சை நிறக் கல்லால் அழகான ஆலயமொன்று 1882-இற் கட்டப்பட்டது. எல்லாச் சபையாரும் ஒன்றுகூடி வழிபட ஓர் ஆலயமே போதுமென்று புல்மன் எண்ணினார். அந்த ஆலயத்துக்கும் 6 வீத வருவாய் உண்டு. அதற்கேற்ற வாடகையைக் கொடுக்கத் தொழிலாளர் நிறைந்த சபை எதனாலும் இயலவில்லை. சபைகள் வாடகை அறைகளிற் கூடி வழிபட, சித்திரக் கண்ணாடிகளும் இசைப்பெட்டியும் உடைய ஆலயம் ஆண்டுக்கணக்கிற் பூட்டியே கிடந்தது.

1889-இல் அந்நகரம், புல்மன் எதிர்த்தும், சிகாகோவோடு இணைக்கப்பட்டது. ஆயினும் உள்ளே கம்பெனியின் ஆட்சியே நடந்தது. 1893-இற் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு வந்தோர் இந்நகரையும் புகைவண்டியில் வந்து கண்டு வியந்தனர். அவ்வாண்டே நாடெங்கும் பொருளாதாரப் பேரிடர் தாக்கிற்று. வண்டி கட்டுவிப்பாரில்லை. கம்பெனியார் ஆட்களைக் குறைத்தனர். எஞ்சினோர் கூலியைச் சராசரி நூற்றுக்கு 25 வீதம் வெட்டினர். வீட்டு வாடகையையோ ஒரு காசும் குறைத்தாரில்லை. தொழிற்சாலை வேறு, நகரம் வேறு, இரண்டிற்கும் தனித்தனிக் கணக்கு என்பது புல்மனின் வாதம். இவ்வாதத்தை எண்களோடு வைத்துப் பார்ப்போம். 1893 ஜூலையோடு முடிந்த ஆண்டிற் கம்பெனி கொடுத்த கூலி 72 லட்சம் டாலருக்கு மேல். அடுத்த ஆண்டில் 44 லட்சத்துச் சொச்சமாகக் குறைந்தது. பங்குதாரர்க்குக் கொடுத்த இலாபமோ 25 லட்சத்து 20 ஆயிரத்திலிருந்து 28 லட்சத்து 80 ஆயிரம் டாலராக உயர்ந்தது.

வாடகை போகக் கையில் ஒன்றும் மிஞ்சாத குடும்பங்கள் பலவாயின. இரண்டு வாரம் உழைத்து இரண்டு சென்டுக்குச் செக் பெற்றவர் ஒருவர், அதனை மாற்றாமல் சட்டமிட்டு வைத்துக்கொண்டனராம். ஜென்னி கர்ட்டிஸ் என்னும் இளம்பெண் தொழிற்சாலையில் தையல் வேலை செய்தவர். அங்குப் பல்லாண்டு உழைத்த அவர் தந்தை நோயுற்று இறந்தபோது, அவர் தரவேண்டியிருந்த வாடகைப் பாக்கியை மகளின் சிறு கூலியிலிருந்து கம்பெனியார் பிடித்துக்கொண்டனர். அந்நகரின் மெதடிஸ்ட் சபைப் போதகர் வில்லியம் கார்வர்டைன் தம் சபையாரின் பசியைக் கண்கூடாகக் கண்டு, மேடையிலும் நூல் வடிவிலும் அஞ்சாது எடுத்துரைத்தார். முதலாளியின் ஊரிற் குடியிருந்துகொண்டு அவ்வாறு பேசியது எளிய செயலன்று.

1894 மே மாதத்திற் குறைகூறச் சென்ற தூதுக்குழுவினருள் மூவர் வேலையிழந்தனர். உடனே, மே 11-ஆம் நாள், வேலைநிறுத்தம் தொடங்கிற்று. யூஜீன் டெப்ஸ் தலைமையில் முந்திய ஆண்டிற் பிறந்த அமெரிக்க இருப்புப் பாதைத் தொழிலாளர் சங்கத்தார் நடுவரிடம் வழக்கைவிடுமாறு கேட்டனர். நடுவர் தீர்க்கத்தக்கது ஒன்றுமில்லையென்று கம்பெனியார் மறுத்தனர். ஜூன் 26-ஆம் நாள் முதல் புல்மன் வண்டி பூட்டிய தொடர் எதனையும் சங்கத்தார் இயக்க மறுத்தனர். சில நாட்களுக்குள் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையைத் துறந்தனர். சிகாகோவுக்கு மேற்கேயுள்ள பாதைகள் பெரும்பாலும் நின்றன. இச்சங்கத்தையும் குறை சொல்லாமலிருத்தற்கில்லை: அம்மாதமே நடந்த அதன் மாநாட்டிற் கறுப்பரைச் சேர்ப்பதா என்னும் வினா எழ, 112 வாக்கு எதிராகவும் 100 வாக்கு சார்பாகவும் விழுந்து, கதவு அடைக்கப்பட்டது. புல்மனால் மிகவுந் துன்புற்ற துயில்வண்டி ஊழியர்கள் இங்ஙனம் புறத்தே நின்றனர்.

புல்மன் சிகாகோவைவிட்டுக் கிழக்கே சென்றிருந்தார். தபால் தடைப்படுகின்றதென்று காரணங் காட்டித் தலைவர் கிளீவ்லண்டு, இல்லினாய் மாகாண ஆளுநர் ஆல்ட்கெல்டு எதிர்த்தும், படையை அனுப்பினார். ஜூலை 4-ஆம் நாள், சுதந்திரத் திருநாளன்று, சிகாகோ வீதிகளிற் சிப்பாய்கள் நின்றனர். அதன்பின்னரே கலகம் முற்றிற்று, வண்டிகள் எரிந்தன, நாடெங்கும் ஏறத்தாழ முப்பதுபேர் உயிரிழந்தனர். டெப்ஸ் நீதிமன்ற ஆணையை மீறினாரென்று ஆறுமாதச் சிறை பெற்றார். ஆகஸ்டு மாதந் தொழிற்சாலை திறந்தபோது, சங்கத்திற் சேர்வதில்லையென்று கையொப்பமிட்டவர்க்கே வேலை கிடைத்தது. அம்மாதத்தில் ஆல்ட்கெல்டு தாமே அந்நகருக்குச் சென்று வீடுவீடாகப் பார்த்து, பட்டினியைப் போக்கப் புல்மனை வேண்டினார். அவர் இசையாமையாற் பொதுமக்களிடம் உதவி கேட்கவேண்டியதாயிற்று. தலைவர் கிளீவ்லண்டே அமைத்த விசாரணைக் குழுவினர் நவம்பரில் வெளியிட்ட அறிக்கையும் கம்பெனியின் போக்கைக் கண்டித்தது.

கட்டடத்தை உள்ளிருப்போரோடு உயர்த்திய கைக்கு, உள்ளிருப்போர் ஒரு சொற் சொல்ல வாய் திறந்தபோது, செய்வது இன்னதெனத் தெரியவில்லை. அவர் வஞ்சகரல்லர். தாம் செய்தது நன்மையே என்று இறுதிவரை நம்பினார். அந்நம்பிக்கையே அவரைக் கல்லாக்கிற்று என்று எண்ணுகின்றேன்.

1897 அக்டோபர் 19-ஆம் நாள் மாரடைப்பாற் புல்மன் இறந்தார். உடலைத் தொழிலாளர் தோண்டியெடுத்து அவமதிப்பார்களோ என்று குடும்பத்தார் அஞ்சினர். ஆதலின் சிகாகோ கிரேஸ்லண்டுக் கல்லறைத் தோட்டத்தில் இரவு நேரத்தில் அடக்கம் நிகழ்ந்தது. ஈயப்பெட்டியை ஆழ்குழியில் இறக்கி, சிமெண்டுக் கலவை கொட்டி, அதன்மேல் இருப்புப் பாதைத் தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமாக முடுக்கி, மீண்டும் கலவையால் மூடினர். இரட்டைப் பிள்ளைகளான இரு மைந்தர்க்கும் ஆண்டுக்கு மூவாயிரம் டாலரே கிடைக்குமாறு உயில் எழுதியிருந்தார். தொழிற்கல்விப் பள்ளிக்கோ பன்னிரண்டு லட்சம் டாலர் வைத்திருந்தார். அப்பள்ளி 1915-இல் திறக்கப்பட்டது. கம்பெனியின் தலைமை ஆபிரகாம் லிங்கனின் மைந்தர் ராபர்ட் லிங்கனிடம் சென்றது.

வண்டி கட்டுதற்கு அனுமதி பெற்ற கம்பெனி ஊர் நடத்துதற்கு உரிமையுடையதன்று என்று 1898-இல் இல்லினாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த பத்தாண்டில் வீடுகள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. 1926-இல் ஆர்க்கேடு இடிந்தது. 1960-இல் நகரின் ஒரு பகுதியை அழித்துத் தொழிற்பேட்டையாக்கும் யோசனை எழுந்தபோது, அங்குச் சொந்த வீடு வைத்திருந்தோர் சங்கம் அமைத்து எதிர்த்துத் தம் வீதிகளைக் காத்துக்கொண்டனர். 1998-இற் மணிக்கூண்டுத் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று, பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டது. 2015-இல் அமெரிக்க அரசாங்கம் அவ்விடத்தைத் தேசிய நினைவிடமாகவும், 2022-இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாகவும் அறிவித்தது. கம்பெனியின் செங்கல் வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன.

பச்சைக்கல் ஆலயமும் விற்பனைக்கு வந்தது. 1907-இல் அதனை விலைகொடுத்து வாங்கியவர் மெதடிஸ்ட் சபையார். போதகர் கார்வர்டைன் ஒருகாலத்தில் வாடகை அறையில் வைத்து நடத்திய அதே சபையார்.